இஞ்சியா, ஈஸ்ட்டா, பிரிட்ஜா? – வாசகர் கேள்வி பதில்

வீட்டில் செய்யும் இஞ்சி பியரில் (இஞ்சியும் சீனியும் ஊறிக் காஸாகும் பானம்) எது முதல்தரம் என்று சென்ற இதழில் ஒரு வாசகர் கேட்டிருந்தார். வந்த கடிதங்களைப் பிரித்துப் பார்த்தால் மூன்று கட்சி. நாட்டு இஞ்சி இல்லாவிட்டால் அது வெறும் சீனித் தண்ணி என்பது முதல் கட்சி. பாணுக்குப் போடும் ஈஸ்ட்டைப் போட்டவன் இஞ்சி பியரைப் பற்றிப் பேசவே கூடாது, இஞ்சியில் தானாக ஊறும் நொதிதான் அசல் என்பது இரண்டாவது. கடையில் விற்கும் ஈ.ஜி.பி (எலிபன்ட் ஹவுஸ் இஞ்சி பியர்) போல வந்தால் போதும், மிச்சமெல்லாம் வீண் கதை என்பது மூன்றாவது. எங்களுக்கு நாலாவது கட்சி: எந்த இஞ்சியைப் போட்டாலும், போத்தல் எத்தனை மணித்தியாலத்தில் பிரிட்ஜுக்குள் போனது என்பதே ருசியைத் தீர்மானிக்கிறது. மட்டக்களப்பு வெயிலில் இது இன்னும் உண்மை. காரணம் பதில்களில் இருக்கிறது.

கல்லடி வாசகி: நாட்டு இஞ்சியா, பெரிய சீன இஞ்சியா? அவிக்கிறதா, பச்சையாய்ப் பிழிகிறதா? அம்மா ஒன்று சொல்கிறா, மாமி ஒன்று சொல்கிறா.

இருவரும் பாதி சரி. பச்சை இஞ்சியின் உறைப்பு ஜிஞ்சரோல் என்ற பொருளால் வருவது. இஞ்சி காய்ந்து சுக்காகும்போது அதில் ஒரு பகுதி ஷோகோலாக மாறும். அது ஜிஞ்சரோலைவிடக் காரம். கொதிக்க வைக்கும்போது ஒரு பகுதி ஜிஞ்சரோனாகும். அதில் உறைப்புக் குறைவு, இனிப்பு மணம் கூட. ஆகவே எல்லாவற்றையும் அவித்தால் இஞ்சித் தேத்தண்ணி மாதிரி அடங்கிப்போன ருசி. எல்லாவற்றையும் பச்சையாய்ப் பிழிந்தால் வாசமும் உறைப்பும் மூக்கைத் தூக்கும், ஆனால் அந்த இனிப்பு மணம் கிடைக்காது. பாதியை அவித்துப் பாதியைப் பிழியுங்கள். அம்மாவும் மாமியும் சமாதானம்.

நாட்டு இஞ்சி சிறியது, நார் கூட, உறைப்பும் கூட. சீன இஞ்சி பெருத்தது, சாறு கூட, உறைப்புக் குறைவு. நாட்டு இஞ்சி 300 கிராம் போடும் இடத்தில் சீன இஞ்சி 450 கிராம் போட்டால் ஏறத்தாழச் சமன். இரண்டுக்கும் இடையில் அவ்வளவுதான் வித்தியாசம். அதற்காகக் கட்சி கட்டத் தேவையில்லை.

4 லீற்றருக்கு நாட்டு இஞ்சி 300 கிராம், சீனி 400 கிராம், தேசிக்காய்ச் சாறு 120 மில்லிலீற்றர் (சாறுள்ள காய் என்றால் நாலைந்து), உப்பு ஒரு சிட்டிகை, உடனடி ஈஸ்ட் தேக்கரண்டியில் எட்டில் ஒரு பங்கு. இந்த எட்டில் ஒரு பங்கைப் பார்த்துச் சிரிக்காதீர்கள். ஒரு முழுத் தேக்கரண்டி போட்டால் காஸ் சீக்கிரம் வரும், கூடவே பேக்கரி வாசமும் வரும். ஈஸ்ட்டைக் குறை சொல்பவர்களில் பலர் உண்மையில் குறை சொல்வது அந்த அளவைத்தான்.

இஞ்சியில் பாதியை வட்டமாக வெட்டி, 1 லீற்றர் தண்ணீரில் சீனியும் உப்பும் சேர்த்து 15 நிமிடம் மெதுவாகக் கொதிக்க விட்டு வடியுங்கள். மற்றப் பாதியைத் துருவித் துணியில் பிழிந்து, சாற்றை 20 நிமிடம் அசையாமல் வையுங்கள். அடியில் வெள்ளையாகப் படிவது மாச்சத்து. மேல் சாற்றை மட்டும் ஊற்றியெடுங்கள். அந்த வெள்ளை சூட்டில் பட்டால் கஞ்சியாகித் துணியை அடைக்கும், பியரும் கலங்கும். சீனிக் கரைசலுடன் கொதித்து ஆறிய 3 லீற்றர் தண்ணீரைச் சேர்த்து, எல்லாம் ஆறிய பிறகுதான் இஞ்சிச் சாறும் தேசிக்காய்ச் சாறும். தேசிக்காயைச் சூட்டில் ஊற்றினால் மணம் ஆவியோடு போகும். தோலோடு போட்டுக் கொதிக்க வைத்தால் கசக்கும்.

ஈஸ்ட்டை ஒரு சின்னக் கோப்பை வெதுவெதுப்பான தண்ணீரில் ஒரு தேக்கரண்டி சீனியோடு 10 நிமிடம் ஊற விட்டுச் சேருங்கள். கரைசலை மணிக்கட்டில் ஒரு துளி விட்டால் சூடு தெரியக்கூடாது. 50 பாகை தாண்டினால் ஈஸ்ட் சாகத் தொடங்கும். 500 மில்லிலீற்றர் சோடாப் போத்தல்களில் கழுத்தின் கீழ் இரண்டு விரல் இடம் விட்டு நிரப்பி, இறுக மூடி, நிழலில் நிமிர்த்தி வையுங்கள். 30 பாகையில் 18 முதல் 30 மணித்தியாலம். போத்தலின் பக்கத்தைப் பெருவிரலால் அமத்தினால், கடையில் வாங்கிய திறக்காத சோடா போல அசையாமல் நிற்க வேண்டும். அந்த நேரமே பிரிட்ஜுக்குள். நாளைக் காலை பார்ப்போம் என்றால் நாளைக் காலை வேறு பியர். குளிர்ந்து ஒரு நாள் கழித்துத் திறந்தால் காஸ் தண்ணீரோடு நன்றாகச் சேர்ந்திருக்கும், வண்டலும் அடியில் இறங்கியிருக்கும்.

உறைப்புப் போதவில்லை என்று செத்தல் மிளகாய் போடுவோர் உண்டு. மிளகாயின் எரிவு வேறு இடத்தில் பிடித்து வேறு நேரம் வரை நிற்கும். இஞ்சியின் வாசத்தை அது மறைத்துவிடும். கட்டாயம் என்றால் அவிக்கும் பாதியில் ஆறு மிளகு நசுக்கிப் போடுங்கள், அதோடு நிறுத்துங்கள்.

வாழைச்சேனை வாசகர்: கண்ணாடிப் போத்தலில் செய்தேன். நடுச்சாமத்தில் வெடித்து அறை முழுக்கக் கண்ணாடி. நல்ல காலம், ஆள் இல்லை. ஈஸ்ட் கூடியதாலா?

இல்லை, நேரம் கூடியதால். ஈஸ்ட்டின் அளவு வேகத்தை மாற்றும். மொத்தம் எவ்வளவு காஸ் வரும் என்பதைச் சீனிதான் தீர்மானிக்கும்.

ஒரு லீற்றரில் 4 கிராம் சீனியை ஈஸ்ட் தின்றால் ஏறத்தாழ 2 கிராம் காபனீரொட்சைட்டு வரும். அதாவது அந்தப் பானத்தின் கொள்ளளவுக்குச் சமமான ஒரு மடங்கு காஸ். நல்ல சோடாவுக்கு மூன்றரை மடங்கு போதும், அதற்கு 14 கிராம் சீனி. நாம் போட்டிருப்பதோ லீற்றருக்கு 100 கிராம். மிச்சம் 86 கிராமும் இனிப்புக்காக இருக்கிறது, ஆனால் ஈஸ்ட்டுக்கு அது தெரியாது. தடுக்காவிட்டால் 25 மடங்கு காஸ் வரும் வரை தின்னும். அதைத் தாங்கும் போத்தல் எந்தக் கடையிலும் இல்லை.

மூன்றரை மடங்கில் நிற்கும்போதே 30 பாகையில் உள்ளே உள்ள அமுக்கம் கார் டயரின் காற்றைப் போல ஏறத்தாழ இரண்டு மடங்கு. அதே போத்தல் 4 பாகையில் டயரைவிடக் குறைவு. பிரிட்ஜ் இரண்டு வேலை செய்கிறது: காஸைத் தண்ணீருக்குள் அடக்குகிறது, ஈஸ்ட்டையும் தூங்கப் போடுகிறது. கச்சான் காற்று வீசும் மாதங்களில் தகரக் கூரைக்குக் கீழே 36 பாகை சாதாரணம். சீமெந்து நிலத்தில் 30 மணித்தியாலம் எடுத்தது அங்கே பாதி நேரத்தில் முடிந்துவிடும். போன முறை ஒரு நாள் வைத்தேன் என்ற கணக்கு இந்த முறைக்கு உதவாது, பெருவிரல்தான் உதவும்.

கண்ணாடி வேண்டாம். சாராயப் போத்தல், ஜாம் போத்தல், கோர்டியல் போத்தல் எதுவும் அமுக்கத்துக்குச் செய்ததல்ல. மெல்லிய குடிதண்ணீர்ப் போத்தலும் கூடாது. காஸ் பானம் வந்த பிளாஸ்டிக் போத்தல் மட்டும், கீறல் இல்லாதது. முழுத் தொகுதியையும் மூடியுள்ள வாளிக்குள் வைத்தால் ஒன்று போனாலும் சுவர் தப்பும். அளவுக்கு மீறி இறுகிய போத்தலைச் சூட்டோடு திறக்க வேண்டாம்: முதலில் ஐஸில் இரண்டு மணித்தியாலம், பிறகு துணி சுற்றி மூடியைக் கால்வாசி மட்டும் திருப்பிச் சீறல் அடங்கும் வரை பிடியுங்கள். காஸைத் திறந்துவிட்டு மறுபடி மூடி மேசையில் வைப்பதால் ஒன்றும் தீராது. சீனி இன்னும் உள்ளேதான் இருக்கிறது.

ஏறாவூர் வாசகர்: வீட்டில் பிரிட்ஜ் இல்லை. வாப்பாவுக்குச் சீனி வருத்தமும் இருக்கு. எங்களுக்கு வழியில்லையா?

ஒரே வழி இரண்டுக்கும் பொருந்தும். காஸுக்கு வேண்டிய சீனியை மட்டும் போடுங்கள்: லீற்றருக்கு 12 கிராம், 4 லீற்றருக்கு 48 கிராம். ஈஸ்ட் ஊறவைக்கும் தேக்கரண்டிச் சீனியையும் இதற்குள்ளேயே எடுங்கள். இஞ்சியிலும் தேசிக்காயிலும் கொஞ்சம் இருப்பதால்தான் 14 அல்ல. இனிப்புக்கு சுக்ரலோஸ் அல்லது ஸ்டீவியா; இவற்றை ஈஸ்ட் தின்னாது. பக்கற்றில் குளுக்கோஸ் போன்ற வேறு சீனி கலந்திருக்கிறதா என்று பாருங்கள், கலந்திருந்தால் அதையும் அது தின்னும். 12 கிராமும் முடிந்ததும் ஈஸ்ட் தானாக நின்றுவிடும். போத்தல் மேசையில் ஒரு வாரம் நின்றாலும் மேலே ஏறாது. சமையல் தராசில் நிறுத்தே போடுங்கள், கைக்கணக்கு வேண்டாம். சீனியின் அந்த நிறைந்த ருசி இதில் இராது, அதை ஒத்துக்கொள்கிறோம். குடிக்கும் நாளில் மீன் ஏற்றும் றெஜிபோம் பெட்டியில் ஐஸ் போட்டுக் குளிர்த்தினால் போதும். இதிலும் கொஞ்சம் அற்ககோல் உண்டு. அது அடுத்த பதிலில்.

காத்தான்குடி வாசகி: பெயரில் பியர் என்று வருவதாலேயே வீட்டில் கதை. ஈஸ்ட் போட்டால் அற்ககோல் வருமா, வராதா? நேராகச் சொல்லுங்கள்.

வரும். ஈஸ்ட் சீனியைத் தின்றால் காஸும் அற்ககோலும் சேர்ந்தே பிறக்கும். ஒன்றை மட்டும் கேட்க முடியாது. லீற்றருக்கு 12 முதல் 14 கிராம் சீனி காஸான இஞ்சி பியரில் நூற்றுக்கு முக்கால் முதல் ஒரு வீதத்துக்குக் கிட்ட இருக்கும். மேசையில் மறந்துபோய் 100 கிராமும் தின்னப்பட்டால் 5 வீதத்தைத் தாண்டும்; அது கடைப் பியரின் கணக்கு. ஈஸ்ட் போடாமல் இஞ்சியில் தானாக ஊறவிட்டால் அற்ககோல் இல்லை என்று இரண்டு கடிதங்கள் சொல்கின்றன. பிழை. அங்கேயும் வேலை செய்வது ஈஸ்ட்தான், இஞ்சித் தோலில் இருந்து வந்தது. மார்க்கத் தீர்ப்பு எங்கள் வேலையல்ல, உலமாக்களிடம் கேளுங்கள், அளவு இதுதான்.

நொதியே இல்லாத முறை இருக்கிறது. இஞ்சி 250 கிராமில் பாதியை அவித்துப் பாதியைப் பிழிந்து, சீனி 400 கிராம், தண்ணீர் அரை லீற்றருடன் பாணியாக்குங்கள். ஏறத்தாழ 700 மில்லிலீற்றர் வரும். பிழிந்த சாற்றை அடுப்பை அணைத்த பிறகு சேருங்கள். ஒரு பங்கு பாணிக்கு ஐந்து பங்கு குளிர்ந்த சோடா, கொஞ்சம் தேசிக்காய்ச் சாறு. பாணி முதலில், சோடா கடைசியில், கோப்பையின் ஓரத்தால். கரண்டி போட்டுக் கலக்கினால் காஸ் போய்விடும். பாணியும் குளிர்ந்திருக்க வேண்டும். பிரிட்ஜில் பாணி இரண்டு வாரம் நிற்கும். கலியாண வீட்டுக்கு நூறு கோப்பை என்றால் நாங்களும் இதைத்தான் சொல்வோம், ஏனென்றால் வெடிக்க இதில் ஒன்றுமில்லை.

களுவாஞ்சிக்குடி வாசகி: ஈஸ்ட் வேண்டாமென்று இஞ்சியும் சீனியும் போட்டு ஊறவைத்தேன். மூன்றாம் நாள் வெண்டிக்காய்ச் சாறு மாதிரி கொழகொழ. லண்டனில் இருக்கிற மச்சாள் இதற்கு “இஞ்சி பியர் செடி” என்று ஒன்று இருக்கு என்கிறா. அது எங்கே வாங்குவது?

மச்சாள் சொல்வது வேறு சாமான். பெயரில் செடி இருந்தாலும் அது செடியல்ல. கண்ணாடி போன்ற சின்னக் கட்டிகள். ஒரு ஈஸ்ட்டும் ஒரு பற்றீரியாவும் பின்னிப் பிணைந்து வாழும் கூட்டு. 1892இல் அதைப் பிரித்துக் காட்டியவர் ஹரி மார்ஷல் வார்ட் என்ற ஆங்கிலேயத் தாவரவியலாளர். அதே வார்ட்தான் 1880 முதல் 1882 வரை இலங்கையில் இருந்து, இங்கே கோப்பியை அழித்த துரு நோயை ஆராய்ந்தவர். கட்டியைக் கட்டியிலிருந்துதான் வளர்க்க முடியும். இஞ்சியை ஊறவைத்தால் அது பிறக்காது. மச்சாளிடம் இருந்தால் கேட்டுப் பாருங்கள், இல்லாவிட்டால் மறந்துவிடுங்கள்.

உங்கள் கொழகொழப்பு சீனியைப் பிசினாக்கும் ஒருவகைப் பற்றீரியாவின் வேலை. ஆரம்ப நாட்களில் அது முந்திக்கொள்ளும். புளிப்பு ஏறினால் ஈஸ்ட் மேலே வரும். 500 மில்லிலீற்றர் கொதித்தாறிய தண்ணீர், தோலோடு துருவிய இஞ்சி இரண்டு மேசைக்கரண்டி, சீனி இரண்டு மேசைக்கரண்டி, தொடக்கத்திலேயே தேசிக்காய்ச் சாறு இரண்டு தேக்கரண்டி. நாளுக்கு ஒரு மேசைக்கரண்டி இஞ்சி, ஒரு மேசைக்கரண்டி சீனி, இரண்டு தரம் கலக்குங்கள், மூடி தளர. நம் சூட்டில் மூன்றாம் நாள் குமிழ் ஓட வேண்டும். ஐந்தாம் நாளும் வழுவழுப்பு நின்றால் கொட்டிவிட்டு வேறு இஞ்சியில் தொடங்குங்கள். மேலே தட்டையாக வெள்ளை ஆடை படர்ந்தால் அள்ளி எறியலாம். பச்சையோ கறுப்போ பஞ்சு போல வந்தால் பாத்திரத்தோடு கழுவி ஊற்றுங்கள்.

லீற்றருக்கு 60 மில்லிலீற்றர் ஊறல் போதும், காஸுக்கு 36 முதல் 48 மணித்தியாலம் எடுக்கும். ருசி என்று கேட்டால், பாண் வாசம் இல்லாத, லேசாகப் புளித்த இந்தப் பியர்தான் மேல். ஆனால் இரண்டு முறை ஒரே மாதிரி வராது. விருந்துக்கு நாள் குறித்துவிட்டு இதை நம்ப வேண்டாம்.

திருக்கோவில் வாசகர்: எவ்வளவு தேசிக்காய் விட்டாலும் புளிப்பு நிற்குதில்லை. தண்ணி பிழையா?

பெரும்பாலும் ஆம். கிணற்று நீரின் காரத்தன்மை தேசிக்காயின் அமிலத்தைத் தின்றுவிடும். கேத்தலில் வெள்ளைப் படை பிடிக்கிறதென்றால் அதுதான். 15 நிமிடம் கொதிக்க விட்டு, ஆறி அடியில் படிந்தபின் மேல்நீரை எடுங்கள். பாதிப் பிரச்சினை தீரும். கோடையில் கிணறு உவர்த்தால் கொதிப்பது உதவாது, உப்பு இன்னும் செறியும். உன்னிச்சைக் குளத்து நீரோ கொண்டைவட்டுவான் நீரோ குழாயில் வரும் வீட்டில் ஒரு வாளி வாங்குங்கள். குளோரின் வாசம் இருந்தால் கொதிக்க விட்டால் போய்விடும்.

சம்மாந்துறை வாசகர்: சீனிக்குப் பதில் பனங்கட்டி போட்டால் இன்னும் நல்லாக வராதா?

நிறம் நல்லாக வரும். ஆனால் முட்டியில் சுண்ணாம்பு பூசித்தான் கருப்பநீர் இறக்குகிறார்கள், இல்லாவிட்டால் மரத்திலேயே கள்ளாகிவிடும். அந்தச் சுண்ணாம்பின் மிச்சம் கட்டியிலும் கொஞ்சம் இருக்கக்கூடும், அது புளிப்பைக் குறைக்கும். கரையாத தூசு போத்தலில் இருந்தால் திறந்தவுடன் நுரை கூரைக்குப் போகும். சீனியில் கால்வாசி மட்டும் மாற்றுங்கள், கரைத்து இரண்டு தரம் வடியுங்கள், தேசிக்காய் ஒன்று கூட்டுங்கள். கித்துள் பாணி வேண்டாம், அதன் வாசத்துக்கு முன்னால் இஞ்சி வாய் திறக்காது. வேறு ருசி வேண்டுமென்றால் ஹிங்குராணைச் சிவப்புச் சீனி நல்லது.

அம்பாறை வாசகி: இரண்டு நாளாகியும் காஸே இல்லை.

மூடியைத் திறந்து மணந்து பாருங்கள். சீனித் தண்ணி வாசம் மட்டும் என்றால் ஈஸ்ட் செத்திருக்கிறது: பழைய பக்கற் அல்லது சூட்டோடு போட்டது. புது ஈஸ்ட் அதே அளவு சேர்த்து மறுபடி மூடலாம். பியர் வாசம் இருந்து காஸ் மட்டும் இல்லையென்றால் மூடி கசிகிறது. போத்தலைத் தண்ணீருக்குள் தலைகீழாக அமத்தினால் எந்த மூடி என்று தெரியும்.

ஆரையம்பதி வாசகர்: இஞ்சியை விடுங்கள். மால்ட்டும் (முளைகட்டிக் காயவைத்த பார்லி) ஹொப்ஸும் (கசப்புக்குப் போடும் பூ) எடுப்பித்து அசல் பியரே வீட்டில் போட்டால் என்ன?

1912ஆம் ஆண்டின் மதுவரிக் கட்டளைச் சட்டப்படி அனுமதிப்பத்திரம் இல்லாமல் மதுபானம் உற்பத்தி செய்வது குற்றம். ஆகவே செய்முறை இல்லை. ஆனால் வீட்டில் போட அனுமதியுள்ள நாடுகளில் இதே சண்டைதான் நடக்கிறது: மால்ட் கட்சி, ஹொப்ஸ் கட்சி, தண்ணீர்க் கட்சி. 1516இல் பவேரியாவில் போட்ட சட்டம் பார்லி, ஹொப்ஸ், தண்ணீர் மூன்றை மட்டும் சொன்னது. ஈஸ்ட்டின் பெயரே அதில் இல்லை. இன்று அனுபவமுள்ளவர்கள் முதலில் காசு செலவழிப்பது சூட்டைக் கட்டுப்படுத்தத்தான். பியரில் ஏல், லாகர் என்று இரண்டு வகை: ஏல் ஈஸ்ட்டுக்கு 20 பாகை சுற்றிலும், லாகருக்கு 10 பாகை சுற்றிலும் வேண்டும். 30 பாகையில் சாதாரண ஏல் ஈஸ்ட் வாழைப்பழ வாசமும் தின்னர் வாசமும் தரும். நோர்வேப் பண்ணைகளின் குவைக் என்ற ஈஸ்ட் மட்டும் 35 பாகையிலும் சுத்தமாக வேலை செய்யும். அந்தச் சண்டையும் கடைசியில் வெப்பமானிக்குத்தான் வந்து நிற்கிறது.

கல்முனை வாசகர்: எங்கள் விளையாட்டுக் கழகத்தில் ஒன்பது வீட்டு இஞ்சி பியரை வைத்துப் போட்டி நடத்தப் போகிறோம். சண்டை வராமல் எப்படிப் புள்ளி போடுவது?

எல்லாப் போத்தலும் ஒரே பெட்டியில் ஒரே ஐஸில் குறைந்தது நாலு மணித்தியாலம் இருக்கட்டும். சூடான பியர் இனிப்பாகவும் காஸ் குறைந்ததாகவும் தெரியும். பெயர் மறைத்து இலக்கம் ஒட்டுங்கள். உறைப்புக் குறைந்ததில் தொடங்கி ஏறிப் போங்கள். காரமானதை முதலில் குடித்த நாக்குக்கு அடுத்த மூன்றும் தண்ணி. இடையில் ஒரு துண்டு வெறும் பாண், ஒரு வாய் தண்ணீர். ஒரு ஆளுக்கு ஒரு தரத்தில் ஆறுக்கு மேல் வேண்டாம், ஒன்பதை இரண்டு அமர்வாகப் பிரியுங்கள். வாசத்துக்கு 10, உறைப்புக்கும் இனிப்புக்கும் புளிப்புக்கும் உள்ள பொருத்தத்துக்கு 20, காஸுக்கு 10. தெளிவுக்குப் புள்ளி வேண்டாம், கலங்கிய நல்ல பியர் நிறைய உண்டு.

ஒவ்வொரு அமர்விலும் ஒரே போத்தலிலிருந்து இரண்டு கோப்பையை இரண்டு இலக்கத்தில் வையுங்கள். நடுவர்களுக்குச் சொல்ல வேண்டாம். அந்த இரண்டுக்கும் பத்துப் புள்ளிக்கு மேல் வித்தியாசம் போட்டவரின் தாளைக் கூட்டலில் சேர்க்காதீர்கள், அவர் கழகத் தலைவரானாலும்.